வெயிலில் வைத்த பிள்ளை

டாக்டரம்மாள் கேட்ட கேள்விக்கு வியாகுலம் உடனே பதில் சொல்லவில்லை. இடது காதுக்குக் கீழே கழுத்தில் இருந்த புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, சின்ன வயதில் இந்தத் தோலுக்காக ஏதாவது வைத்தியம் பார்த்தார்களா என்று அவர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். வியாகுலத்துக்கு முதலில் வந்தது ஒரு வாடை. எண்ணெயில் ஊறிய விதையின் கசந்த வாடை. அதற்குப் பிறகுதான் வார்த்தை வந்தது.

கார்போகரிசி என்றாள். அதை நல்லெண்ணெயில் ஊறவைத்து உடம்பெல்லாம் தடவி வெயிலில் உட்காரவைப்பார்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் தொடங்கியது, பெரியவளாகும் வரைக்கும்.

டாக்டரம்மாள் குழாயை மூடினார். ஈரக்கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் திட்டவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறவர்களை எல்லோரும் திட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, திட்டு வாங்கத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். அவர் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. அது தோலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யாமல் தடுப்பது தோலில் இருக்கும் கறுப்பு. உன் உடம்புக்கு அந்தக் கறுப்பை உண்டாக்கத் தெரியாது, பிறவியிலேயே தெரியாது. வெண்புள்ளி வேறு, இது வேறு. புள்ளி விழுந்தவர்களுக்கு அந்த விதையும் வெயிலும் சேர்ந்து சில சமயம் நிறத்தைக் கொண்டுவரும். உனக்கு எந்தக் காலத்திலும் வராது. அந்த எண்ணெய், வெயில் கடிக்கிற கடியை இன்னும் ஆழமாக்கியிருக்கும், அவ்வளவுதான்.

வியாகுலம் தன் முன்கையைப் பார்த்தாள். பழுத்த பப்பாளியின் உள்பக்கம் போல இளஞ்சிவப்பான தோலில் மிளகளவும் அதற்குப் பெரிதுமாகப் பழுப்புப் புள்ளிகள். அவளுக்குக் கண்பார்வை குறைவு. கைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால்தான் அவை தெரியும். இவையெல்லாம் நிறம் இல்லையா என்று கேட்டாள்.

இல்லை, அவை வெயில் வைத்த காயம் என்றார் டாக்டரம்மாள். இந்தப் புண்ணும் அப்படி வந்ததுதான். புற்றுநோய். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதே, அங்கும் போயிருக்கிறது. கரண்டு வைத்து, அதாவது எந்திரத்தில் கதிர் பாய்ச்சிப் பார்க்கலாம். அவர் பார்க்கலாம் என்று சொன்ன விதத்திலேயே மீதியும் இருந்தது.

"அந்த எண்ணெயினாலதானுங்களா?"

அதை மட்டும் சொல்ல முடியாது, தோட்டத்து வேலைக்கும் போயிருக்கிறாய், எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். கொஞ்சம் நிறுத்தி, ஆனால் சின்ன வயதில் பட்ட வெயில்தான் அதிகம் கெடுக்கும் என்பதையும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று வியாகுலத்துக்குத் தோன்றியது.

எழுந்திருக்கும்போது அவள் ஒன்று கேட்டுக்கொண்டாள். வெளியே தம்பி நிற்கிறான். அவனிடம் நோயைச் சொல்லுங்கள், எண்ணெயைச் சொல்லாதீர்கள். அவனுக்குத் தெரிந்தால் எங்கள் ஆத்தாவுக்குத் தெரிந்துவிடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி பங்கிராஸ் எப்போதும் போல வெயில் விழும் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளை உள்பக்கம் உட்காரவைத்தான். ஐந்து வயதில் பழகியதை முப்பதை நெருங்கியும் விடவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது மட்டும், கரண்டு வைத்தால் சரியாகிவிடும்தானே அக்கா என்றான். ஆமாம் என்றாள். அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. சாவைப் பற்றி நினைப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆத்தாவின் முகத்தை இன்று சாயங்காலமே பார்த்தாக வேண்டும்.

*

ஆத்தாவின் பெயர் அருளாயி. முதல் பிள்ளை இப்படி வெள்ளையாகப் பிறந்தபோது, கோயில் தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். அப்பா சில மாதம் அவளைத் தூக்கவே இல்லையாம். இதெல்லாம் வியாகுலம் பிறர் சொல்லிக் கேட்டது. அவளுக்கே நினைவிருப்பது பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் திரும்பி வந்த நாளும், துரைசாணி துரைசாணி என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த பிள்ளைகளும், அதற்கடுத்த வாரம் ஆத்தா அவளை இடுப்பிலும் நடையிலுமாக வீரபாண்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனதும்தான்.

அந்த வைத்தியர் கெட்டவர் இல்லை. வெண்படை விழுந்த எத்தனையோ பேரைத் தேற்றியவர் என்று பெயர். இப்படி ஒரு பிள்ளையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க ஒரே படையாகப் பரவிவிட்டது என்று முடிவு கட்டினார். எண்ணெயைத் தடவி வெயிலில் வை, தோல் கன்றும், கொப்புளம் வரும், வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் புள்ளி புள்ளியாக நிறம் ஏறும், பிறகு புள்ளிகள் கூடும் என்றார். எவ்வளவு நேரம் வைப்பது என்று ஆத்தா கேட்டதற்கு, நீங்கள் வேதக்காரர்கள், மணி உருட்டி ஒரு சுற்று செபம் சொல்வீர்களே, அவ்வளவு நேரம் என்றாராம். வீட்டில் கடிகாரம் கிடையாது. அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

ஆத்தா செபத்தை அவசரமாகச் சொல்கிறவள் இல்லை. மகளுக்காகச் சொல்லும் செபத்தை எப்படி அவசரப்படுத்துவாள்? வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் வியாகுலத்தை உட்காரவைத்து, எதிரே தரையில் தானும் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக உருட்டுவாள். முடிந்ததும், இன்னும் கொஞ்சம் மன்றாடுவோம் என்று மறுபடியும் தொடங்குவாள். சனிக்கிழமை மாதாவுக்குரிய நாள் என்பதால் மூன்று சுற்று. ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலத்தில் தினமும் மூன்று. ஆத்தா எவ்வளவு உருக்கமாக வேண்டினாளோ அவ்வளவு வெயில் பிள்ளையின் மேல் விழுந்தது.

எரியும். முதலில் தோள், பிறகு காது மடல், பிறகு கண்ணுக்குள். கண் கூசிக் கண்ணீர் கொட்டும். இறங்கப் பார்த்தால் ஆத்தா கையைப் பிடித்து அழுத்தி, இன்னும் கொஞ்சம் தாயி, இன்னும் கொஞ்சம் என்பாள். ஆனால் வியாகுலம் பின்னாளில் தனக்குள் தேடிப் பார்த்தபோது, அந்தக் காலைகளை வெறுத்த நினைவு அகப்படவே இல்லை. அதுதான் அவளுக்கு விளங்காத விஷயம். ஆத்தா அவளுக்காகப் பாதிநாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரும் தொடாத உடம்பை அந்தக் கை உள்ளங்கால் வரைக்கும் தொட்டது. எரிச்சலும் அந்தக் கையும் ஒன்றாகவே வந்ததால், எரிச்சலை மட்டும் தனியாகப் பிரித்து வெறுக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் தோளில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. ஆத்தா அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. ஆத்தா சிரித்ததை வியாகுலம் அன்றுதான் அத்தனை அருகில் பார்த்தாள். பின்வாசல் வழியாக அண்டைவீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பாவிடம் காட்டினாள். அவரும் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் புள்ளிக்கும் வீட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது. பெரியவளானதும் பெண்பிள்ளையைத் திறந்த வெளியில் உட்காரவைக்கக் கூடாது என்று அப்பா நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அவர் போய்ச் சேர்ந்தும் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆத்தா மட்டும், பாதியில் நிறுத்தியதுதான் தப்பு, பாதி நிறம் ஏறின பிறகு நிறுத்திவிட்டோம் என்று இன்றைக்கும் சொல்வாள்.

இந்த முகத்திடம் போய் எதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவே காரணம் சொல்லிவிட்டாள். திராட்சைத் தோட்டத்தில் ஏதோ பூச்சி கடித்திருக்கிறது, சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள் என்றாள். வியாகுலம் மறுக்கவில்லை. அந்தப் பொய்க்கு அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதுமாக இருந்தது.

*

கரண்டு வைக்க மதுரைக்குப் போவதும் வருவதுமாகக் கோடை வந்தது. நடுவில் முடிந்த நாட்களில் அவள் வேலைக்கும் போனாள். சங்கரலிங்கத்தின் திராட்சைத் தோட்டம் அவளுக்குப் பழகிய இடம். கல்தூண்களுக்கு மேல் கம்பிப் பந்தலில் கொடி அடர்ந்துவிட்டால் கீழே பச்சை இருட்டு. ஊரிலேயே அவளால் கண்ணைத் திறந்து நிமிர்ந்து நிற்க முடிந்த வெளி அது ஒன்றுதான். துரைசாணிக்குப் பந்தல் போட்டுத்தான் வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தோட்டக்காரர் கேலி செய்வார். கவாத்து வெட்டி, இலையெல்லாம் போய்க் கம்பி மட்டும் நிற்கும் நாட்களிலும் கூலிக்காக வந்து முக்காட்டோடு நின்றதை அவள் இப்போது நினைத்துப் பார்த்தாள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாரே டாக்டரம்மாள். அவள் மனம் ஓயாமல் பிரித்துக்கொண்டே இருந்தது. கவாத்து நாட்களின் பக்கமே கூடுதலாக வைத்து ஆத்தாவின் பக்கத்தைக் குறைத்தது.

பங்கிராஸின் மனைவி அமுதாவுக்கு அது நிறைமாதம். தாய்மாமன் மகள். ஆத்தாவின் சொந்த அண்ணன் பெண். ஆத்தாவும் அப்பாவும்கூட அப்படித்தான், சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பங்கிராஸ் வீட்டுக்கு வந்து சொல்லும்போது குழந்தை நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். வியாகுலத்துக்குப் புரிந்துவிட்டது.

துணியை விலக்கி முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். புருவமே இல்லாதது போல வெளுத்த புருவம். பஞ்சுப்பொதியைப் பிரித்தது போலத் தலைமுடி. வெளிச்சம் பட்டதும் இமைகளை இறுக்கிக்கொண்டது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோதெல்லாம் வராத ஒரு இரக்கம் அந்த முகத்தைப் பார்த்ததும் வந்தது. இத்தனை வருடமும் தன்மேல் தனக்கு இரக்கம் வந்ததில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அமுதா அழுதாள். அவளுடைய அம்மா அழுதாள். ஆத்தா அழவில்லை. குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, கையையும் காலையும் நீவிவிட்டு, தன் அண்ணன் மகளைத் தேற்றினாள்.

"ஏத்தா அமுதா, எதுக்கு அழுகுற? வியாகுலத்துக்கு வழி தெரியாமத் தாமசமா ஆரம்பிச்சேன். அவளுக்கே பாதி ஏறுச்சே. இவளுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுருவோம். சடங்கு வயசுக்குள்ள பூரா மாறிடும், பாரு."

அமுதா மூக்கைத் துடைத்துக்கொண்டு மதினியின் கையைப் பார்த்தாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை வந்தது.

வியாகுலம் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஞானஸ்நானம் முடிந்து முதல் திங்கட்கிழமை தொடங்குவது என்று முடிவானது. அந்த வைத்தியர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆத்தாவுக்கு அவர் தேவைப்படவில்லை. சின்னமனூர் நாட்டுமருந்துக் கடையில் விதை வாங்கி வந்து, கல் பொறுக்கி, ஜாடியில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. இந்தத் தடவை பாதியில் நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

வியாகுலம் சுற்றுவழிகளைத் தேடினாள். பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் ஆகாது என்று மதுரையில் சொன்னார்கள் என்று அமுதாவிடம் சொல்லிப் பார்த்தாள். அத்தை பிள்ளைகளை வளர்த்தவர்கள் மதினி, அவர்களுக்குத் தெரியாததா என்று அமுதா சொல்லிவிட்டாள். பங்கிராஸிடம், ஒரு வருடம் போகட்டுமே என்றாள். அவன் ஒரு பெண்ணின் தகப்பனாகப் பேசினான். நீ தனியாக நின்றது போல அவளும் நிற்க வேண்டுமா அக்கா என்றான். அவன் அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த முறை மதுரை போகும்போது துணைக்கு நீ வா ஆத்தா என்றும் கூப்பிட்டாள். டாக்டரம்மாளே சொல்லட்டும், என் வாயால் வேண்டாம் என்று நினைத்தாள். பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு எங்கே வருவது என்று ஆத்தா மறுத்துவிட்டாள்.

அதற்கு மேல் வழி இல்லை. ஞானஸ்நானத்தன்று கோயிலில் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது வியாகுலம் மனதுக்குள் சரியான வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆத்தாவை அதிகம் நோகாமல் பிள்ளையைக் காப்பாற்றும் ஒரு வாக்கியம். அப்படி ஒன்று அகப்படவில்லை.

*

திங்கட்கிழமை காலை ஆத்தா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தாள். கீழ்மலையைத் தாண்டி வந்த வெயில் பாயின் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்களின் மேல் குப்புறப் போட்டு, கிண்ணத்திலிருந்த எண்ணெயைத் தொட்டுக் கெண்டைக்காலில் தடவத் தொடங்கியிருந்தாள். அமுதா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பங்கிராஸ் வேலைக்குப் போய்விட்டான்.

வியாகுலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, குழந்தையின் மேல் தன் நிழல் விழும்படி நின்றாள்.

"ஆத்தா, பிள்ளையை உள்ள கொண்டுபோ."

"இளவெயிலுதான். நீ எதுக்கு வெளிய வந்த? போய்ப் படு."

"இந்தப் புண்ணு எதனால வந்துச்சுன்னு டாக்டரம்மா சொன்னாக."

பூச்சி கடித்ததுதானே என்றாள் ஆத்தா, கையை நிறுத்தாமல்.

"பூச்சி இல்ல. வெயிலு. எங்கள மாதிரிப் பிறந்தவகளுக்கு வெயிலு ஆகாது ஆத்தா. இந்த எண்ணெயத் தடவிட்டு உட்கார்ந்தா இன்னும் ஆழமாக் கெடுக்குமாம்."

ஆத்தாவின் கை நின்றது. எண்ணெய் விரல்களிலிருந்து பாயில் சொட்டியது. அமுதா கதவிலிருந்து நிமிர்ந்துவிட்டாள்.

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம்?"

"அதுவும் காயம்தான். நிறம் இல்ல."

ஆத்தா அமுதாவைத் திரும்பிப் பார்த்தாள். அமுதா ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. குழந்தை அழுதது. ஆத்தா நீட்டிய காலை மடக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு எண்ணெய்க் கையைத் தன் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மகளின் முன்கையைப் பிடித்து இழுத்து ஒரு புள்ளியின் மேல் பெருவிரலை வைத்தாள்.

"ஒவ்வொண்ணு வரும்போதும் நான் சந்தோசப்பட்டேனே தாயி."

தோட்டத்து வேலையும் சேர்ந்துதான், எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாதாம் என்று வியாகுலம் அவசரமாகச் சொன்னாள். பல மாதமாகச் சேர்த்துவைத்த ஆறுதல். ஆத்தா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. டாக்டர் எப்போது சொன்னார் என்று கேட்டாள். முதல் தடவை போனபோதே என்று சொன்னாள். பங்கிராஸுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது.

"இந்தப் பிள்ளை இப்படிப் பொறக்காட்டி நீ சொல்லியிருக்க மாட்ட."

வியாகுலம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் போயிருப்ப."

ஆத்தா கையை விட்டுவிட்டு எழுந்தாள். கிண்ணத்தையும் பாயையும் எடுத்து வைத்தாள். மண்வெட்டி எடுத்துப்போய்க் கொல்லை மூலையில் குழி தோண்டி, எண்ணெயை ஜாடியோடு கவிழ்த்து மூடினாள். பிறகு வழக்கமான நேரத்துக்கு வயல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க வியாகுலம் உள் அறையில் படுத்துத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காகத்தான் சொன்னேன். வேறு வழி இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் காயம்தான் என்று சொன்ன அந்தக் குரல் அவள் ஒத்திகை பார்த்து வைத்த குரல் இல்லை. அதில் ஒரு கூர்மை இருந்தது. இத்தனை வருடம் எங்கே இருந்தது அது? கல்லின் மேல் கண்ணீரோடு உட்கார்ந்து, இறங்குகிறேன் இறங்குகிறேன் என்று சொன்ன பிள்ளை ஒருத்தி உள்ளே இருந்து, தன் முறை வந்ததும் வாயைத் திறந்துவிட்டது போல இருந்தது. அந்தப் பிள்ளையின் மேலும் அவளுக்குக் கோபம் இல்லை. ஆத்தாவின் மேலும் இல்லை. யார் மேலும் கோபம் இல்லாமல் இப்படி வலிப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

*

அதற்குப் பிறகு ஆத்தா குழந்தையைத் தொடவில்லை.

யாரும் முதலில் கவனிக்கவில்லை. குளிப்பாட்ட அமுதாவைக் கூப்பிட்டாள். தொட்டில் ஆட்ட வேண்டுமென்றால் கயிற்றைத் தள்ளி நின்று பிடித்து இழுத்தாள். அடுத்ததாக வியாகுலத்தின் புண்ணைக் கட்டுவதையும் விட்டாள். அதுவரை தினமும் சாயங்காலம் வெந்நீர் வைத்து, துணி கிழித்து, மூக்கைச் சுளிக்காமல் அதைச் செய்துவந்தவள் அவள்தான். புண் பெரிதாகி வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. பங்கிராஸே அருகில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். அத்தைக்குக் கை நடுங்குகிறதாம், நான் கட்டுகிறேன் மதினி என்று அமுதா வந்து நின்றாள். அமுதாவின் கை பயந்த கை. பட்டும் படாமலும் கட்டிவிட்டு ஓடிவிடும்.

வியாகுலம் ஒருநாள் ஆத்தாவைக் கூப்பிட்டு, நீ கட்டு, அவள் கட்டினால் அவிழ்ந்துவிடுகிறது என்றாள். ஆத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் கை வேண்டாம் தாயி."

வியாகுலம் அதற்குமேல் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது. அதை யாரும் இனி வெயிலில் வைக்கப் போவதில்லை. பங்கிராஸ் தேனிக்குப் போய்க் கறுப்புக் குடை ஒன்று வாங்கி வந்திருந்தான். பின்வாசலுக்கு நேராகக் கீற்றுப் பந்தல் போட்டான். நடந்தது சரிதான். ஆனால் இந்த விலையை அவள் எதிர்பார்க்கவில்லை. உலகத்தில் தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரே கையை அவளே தன் வாயால் நிறுத்திவிட்டாள். இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரைக்குமாவது அந்தக் கை இருந்திருக்கலாம்.

காற்றுக் காலம் வந்தது. மேற்குமலை இடைவெளியில் புறப்பட்டு வரும் காற்று பள்ளத்தாக்கு முழுக்க இரைந்தது. வியாகுலத்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. கரண்டு வைத்தது போதும், வீட்டில் இருக்கட்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அமுதா தண்ணீருக்குப் போயிருந்தாள். தொட்டிலில் குழந்தை அழுதது. ஆத்தா பின்வாசலில் நின்று, அமுதா, அமுதா என்று இரண்டு முறை தெருப்பக்கம் குரல் கொடுத்தாள். தொட்டிலை நோக்கி ஒரு அடி வைத்தாள், நின்றாள். கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தை அழுது அழுது மூச்சு இழுத்தது.

வியாகுலம் சுவரைப் பிடித்து எழுந்தாள். வலது கையால் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வரைக்கும் வந்தாள். கால் தளர்ந்தது. உண்மையாகவே தளர்ந்தது. அவள் நடிக்கவில்லை.

"பிடி ஆத்தா. என் கை தாங்கல."

ஆத்தா அசையவில்லை. குழந்தை சரிந்தது. சரிந்ததைக் கண்டதும் அந்தக் கைகள் தாமாக வெளியே வந்து வாங்கிக்கொண்டன. வாங்கிய பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இரவல் வாங்கின பாத்திரத்தைப் போல உடம்பில் படாமல் ஏந்திக்கொண்டு கீற்றுப் பந்தலையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கன நிக்கட்டும்?" என்று கேட்டாள். "நீ சொல்லு தாயி. எங்கன நின்னா இவளுக்கு ஒண்ணும் ஆகாது?"

இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவள், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பேறுகாலம் பார்த்தவள், கேட்டுக்கொண்டு நின்றாள். வியாகுலத்துக்கு வாசற்படியில் உட்காரத்தான் முடிந்தது.

"அங்கனயே நில்லு ஆத்தா. அங்கன வெயிலு வராது."

ஆத்தா பந்தலின் நடுவில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். மெல்ல மெல்லக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கியது. அமுதா குடத்தோடு வந்து, இதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போனாள். சூரியன் மேற்குமலைக்குப் பின்னால் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. முற்றத்தில் எந்த இடத்திலும் வெயில் இல்லை. உள்ளே வா ஆத்தா, காற்று அடிக்கிறது என்று வியாகுலம் கூப்பிட்டாள். ஆத்தா வரவில்லை. அந்த இடத்தை விட்டு அரை அடி நகரவும் அவளுக்குப் பயமாக இருந்தது.